எந்த சாம்பிள் என்று அவருக்குத் தெரியுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பையர்களுக்கு நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் எழுதுவதுதான் வேலை. போன மாதம் நெதர்லாந்து பையருக்கு 'வீ வில் கூரியர் தி சாம்பிள் டுமாரோ' என்று எழுதினேன். நான் அனுப்பியது புது ஸ்டைலுக்கான ஷேட் சாம்பிள், அதாவது நிறம் பார்ப்பதற்கான மாதிரி. அவரோ கழுத்தளவு திருத்தச் சொல்லியிருந்த ஃபிட் சாம்பிள்தான் வருகிறது என்று காத்திருந்து, பார்சலைப் பிரித்ததும் கோபமாக போன் செய்துவிட்டார். அதிலிருந்து 'தி' போடவே கை நடுங்குகிறது. போடாமல் விட்டால் மேனேஜர் "ஆர்டிகிள் எங்கேம்மா?" என்று திருப்பி அனுப்புகிறார். எங்கே 'ஏ', எங்கே 'தி', எங்கே ஒன்றுமே வேண்டாம்? நேற்று எழுதிய ஒரு மெயிலையும் இணைத்திருக்கிறேன், பாருங்கள். (வாசகி, திருப்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நெதர்லாந்துக்கு அனுப்பிய அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எந்த இங்கிலீஷ் வாத்தியாரிடம் காட்டினாலும் டிக் போட்டுவிடுவார். இலக்கணம் சரியாக இருந்தும் சேதி தப்பாகப் போய்ச் சேர்ந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இருபது வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறேன், ஆர்டிகிளில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சூரியனுக்கு 'தி', சந்திரனுக்கு 'தி', யானைக்கு 'ஆன்', பூனைக்கு 'ஏ'. எந்தப் பொருளுக்கு எது என்று மனப்பாடம் செய்தோம். சாம்பிளுக்கு 'ஏ'-வா 'தி'-யா என்பது சாம்பிளை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது, மெயிலைப் படிக்கப் போகிறவரைத்தான் பார்க்க வேண்டும். நான் சொல்கிற பொருள் எது என்று அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன், அவருக்கு அது பத்தோடு பதினொன்று என்றால் 'ஏ'.

அன்றைக்கு உங்கள் பையர் மனதில் இருந்தது ஒரே ஒரு சாம்பிள். கழுத்தைத் திருத்தி அனுப்பு என்று அவர் சொல்லியிருந்த ஃபிட் சாம்பிள். 'தி சாம்பிள்' என்று படித்ததும், "உங்களுக்குத்தான் தெரியுமே, அதுதான் வருகிறது" என்று நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டார். உங்கள் பக்கம் நிலைமை வேறு. காலையிலிருந்து அந்த ஷேட் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, லேப் டிப்போடு (நிறம் பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு) ஒத்துப் பார்த்து, மடித்து, கவரில் போட்டு மேசையில் வைத்திருக்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை உலகத்தில் அன்று இருந்தது அந்த ஒரு சாம்பிள்தான். ஆகவே 'தி' தானாக வந்து விழுந்தது. உங்களுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று கை நினைத்துக்கொண்டது. 'வீ வில் கூரியர் ஏ ஷேட் சாம்பிள் ஃபார் தி நியூ ஸ்டைல் டுமாரோ' என்று போயிருந்தால் அந்த போன் வந்திருக்காது. இதில் 'நியூ ஸ்டைல்' முன்னால் 'தி' இருப்பதைப் பாருங்கள். புது ஸ்டைல் எது என்று அவருக்குத் தெரியும், ஆர்டர் கொடுத்தவரே அவர்தான். அதற்கு ஷேட் சாம்பிள் ஒன்று கிளம்புகிறது என்பதுதான் அவருக்குப் புதுச் செய்தி. ஒரே வரியில் இரண்டு பொருள், இரண்டு ஆர்டிகிள்.

தமிழில் ஆர்டிகிளே கிடையாது, அதனால்தான் நமக்கு இது வராது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. 'தி' மாதிரி ஒரு தனிச் சொல் தமிழில் இல்லை, அது உண்மை. ரஷ்ய மொழியிலும் இல்லை, ஜப்பானிய மொழியிலும் இல்லை, லத்தீனிலும் இல்லை. ஆனால் 'தி' செய்கிற வேலையை நாம் தினமும் நூறு தடவை வேறு வழியில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

பையர் சாம்பிள் கேட்டார்.
பையர் சாம்பிளைக் கேட்டார்.

முதல் வாக்கியத்தைக் கேட்டால் "சரி, ஒன்று தயார் பண்ணி அனுப்பலாம்" என்று தோன்றுகிறது. இரண்டாவதைக் கேட்டால், ஏற்கெனவே பேசி வைத்த ஏதோ ஒரு சாம்பிள் இருக்கிறது, அது இன்னும் போகவில்லை, ஆள் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று புரிகிறது. நடுவில் வித்தியாசம் ஒரே ஒரு 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அஃறிணைப் பொருளில் அந்த 'ஐ' ஒளிந்திருந்தால் இங்கிலீஷில் பெரும்பாலும் 'ஏ' அல்லது ஒன்றும் இல்லை, வெளியே தெரிந்தால் பெரும்பாலும் 'தி'. 'நூல் வாங்கினோம்', 'நூலை வாங்கிவிட்டோம்'. 'மெஷின் பார்க்கப் போனார்', 'மெஷினைப் பார்க்கப் போனார்'. உங்கள் காது இதில் தப்பே பண்ணாது, பிறந்ததிலிருந்து பழகியது. ஆகவே மெயிலில் சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் தமிழில் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள், 'ஐ' வருகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. ஆட்களைப் பற்றிப் பேசும்போது 'ஐ' பெரும்பாலும் வந்துவிடும். 'ஒரு டெய்லரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்வோம், 'ஒரு டெய்லர் பார்த்தேன்' என்று சொல்வதில்லை. அங்கே 'ஒரு' இருக்கிறதா என்று கவனியுங்கள், இருந்தால் 'ஏ'.

வாக்கியத்தில் பொருள் எழுவாயாக வரும்போது 'ஐ' உதவாது, அங்கே சொல் வரிசை உதவும். 'டேபிள் மேல் பேட்டர்ன் இருக்கிறது' என்றால் கேட்பவருக்குப் பேட்டர்ன் புதுச் செய்தி: 'தேர் இஸ் ஏ பேட்டர்ன் ஆன் தி டேபிள்.' 'பேட்டர்ன் டேபிள் மேல் இருக்கிறது' என்றால் அவர் தேடிக்கொண்டிருந்த பேட்டர்ன்தான்: 'தி பேட்டர்ன் இஸ் ஆன் தி டேபிள்.' இரண்டிலும் டேபிளுக்கு 'தி' ஏன் என்றால், எந்த டேபிள் என்று இரண்டு பேருக்குமே தெரியும், கண் முன்னால் இருக்கிறது. பாட்டி கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு மூன்று பெண்கள்.' முதல் தடவை 'ஒரு', இரண்டாம் தடவை 'அந்த'. ஒரு வித்தியாசம் உண்டு: நாம் மூன்றாவது நான்காவது தடவைக்கு 'அந்த'வை விட்டுவிட்டு வெறுமனே 'ராஜா' என்போம். இங்கிலீஷ்காரர் கதை முடிகிற வரை ஒவ்வொரு தடவையும் 'தி கிங்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார். நம் மெயில்களில் முதல் வரியில் ஆர்டிகிள் சரியாக இருந்து, மூன்றாவது வரிக்குப் போனதும் காணாமல் போவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

முதல் தடவை சொல்லும்போதே 'தி' வருகிற இடமும் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டை எடுத்துப் பார்த்தீர்கள், கழுத்துப் பட்டி தளர்ந்திருக்கிறது. 'வீ செக்டு ஏ டி-ஷர்ட். தி நெக் ரிப் இஸ் லூஸ்.' நெக் ரிப் பற்றி இதுவரை ஒன்றும் பேசவில்லைதான், ஆனால் டி-ஷர்ட் என்றால் அதற்குக் கழுத்து ஒன்றுதானே, எந்தக் கழுத்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். கை அப்படி இல்லை, இரண்டு இருக்கிறது. 'தி ஸ்லீவ் இஸ் டோர்ன்' என்று எழுதினால் எந்தக் கை என்று பதில் வரும். 'தி லெஃப்ட் ஸ்லீவ்' என்றால் தீர்ந்தது. 'ஃபர்ஸ்ட்', 'லாஸ்ட்', 'சேம்', 'ஒன்லி', 'பெஸ்ட்' போன்ற சொற்களுக்கு முன்னால் 'தி' ஒட்டிக்கொள்வதும் இதனால்தான், முதலாவது ஒன்றுதான் இருக்க முடியும்.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் கறாரான விதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் தனியாக நிற்காது. 'வீ சென்ட் சாம்பிள்', 'ப்ளீஸ் ஓப்பன் கார்ட்டன்' இரண்டுமே அந்தரத்தில் தொங்குகின்றன. முன்னால் 'ஏ' வேண்டும், அல்லது 'தி' வேண்டும், அல்லது அந்த இடத்தில் 'யுவர்', 'மை', 'திஸ்', 'ஒன்' ஏதாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் மேனேஜர் திருப்பி அனுப்புவதெல்லாம் இந்த வகையாகத்தான் இருக்கும். இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. டெக் பேக்கில் (ஆடையின் அளவு, தையல் விவரக் குறிப்பு), ஆர்டர் ஷீட்டில், பத்திரிகைத் தலைப்பில் எல்லாம் இடம் மிச்சம் பிடிக்க ஆர்டிகிளை வெட்டிவிடுவார்கள். 'அட்டாச் லேபிள் அட் சைடு சீம்' என்று ஷீட்டில் இருப்பது சரிதான். நாள் முழுக்க அதையே படித்துவிட்டு மெயில் எழுத உட்கார்ந்தால் மெயிலும் அப்படியே வரும்.

ஒன்றுமே வேண்டாத இடம் முக்கியமாக இரண்டு. பன்மையில் பொதுவாகச் சொல்லும்போது, எண்ண முடியாத பொருளைப் பொதுவாகச் சொல்லும்போது. 'காட்டன் ஷ்ரிங்க்ஸ்' என்றால் பருத்தி என்ற பொருளின் குணம். 'தி காட்டன் ஷ்ரேங்க்' என்றால் நம் லாட்டில் இருக்கிற பருத்தி சுருங்கிவிட்டது, யாரோ பதில் சொல்ல வேண்டும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபீட்பேக், மெஷினரி, எக்விப்மென்ட் இவற்றுக்கு முன்னால் 'ஏ', 'ஆன்' போடாதீர்கள், பின்னால் 'எஸ்' சேர்க்காதீர்கள், இவற்றை இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி நினைக்கிறது. ஃபேப்ரிக் மட்டும் இரண்டு பக்கமும் போகும். துணி என்று பொதுவாகச் சொன்னால் 'ஃபேப்ரிக்', துணி வகை என்று சொன்னால் 'ஏ ஃபேப்ரிக்'. சிங்கிள் ஜெர்சி ஒரு துணி வகை, ஆகவே 'ஏ ஃபேப்ரிக்'.

'ஏ'-வா 'ஆன்'-ஆ என்பது உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் தொழிலில் சுருக்கெழுத்துகள் அதிகம் என்பதால் ஒரு வழி சொல்கிறேன். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்), எம்.ஓ.க்யூ. (குறைந்தபட்ச ஆர்டர் அளவு), எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை), இன்வாய்ஸ் எல்லாம் உயிரில் தொடங்குகின்றன, ஆகவே 'ஆன் எல்.சி.', 'ஆன் எம்.ஓ.க்யூ.', 'ஆன் எஃப்.ஓ.பி. ப்ரைஸ்'. யூனிட், யூரோப்பியன், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) எல்லாம் மெய்யோடு தொடங்குகின்றன, ஆகவே 'ஏ யூனிட்', 'ஏ யூரோப்பியன் பையர்', 'ஏ பி.ஓ.'. ஒரு இடத்தில் மட்டும் தமிழ் எழுத்து ஏமாற்றும். 'ஒன்' என்று எழுதுகிறோம், இங்கிலீஷில் அதன் ஒலி வகரத்தில் தொடங்குகிறது, எனவே 'ஏ ஒன்-வீக் டிலே'. இன்னொரு பக்கம், நம் நாக்கு எகரத்துக்கு முன்னால் யகரம் சேர்த்து 'யெல்.சி.', 'யெம்.ஓ.க்யூ.' என்று சொல்லும், அதைக் கேட்டு 'ஏ' போட்டுவிடாதீர்கள்.

'ஒரு மரம்', 'ஓர் ஊர்' என்று நாம் மாற்றிக்கொள்வதும் 'ஏ', 'ஆன்' மாறுவதும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. இங்கிலீஷ் 'ஆன்' என்பதே பழைய இங்கிலீஷில் 'ஒன்று' என்ற எண்ணுப்பெயர்தான், மெய்யெழுத்துக்கு முன்னால் நாளடைவில் னகரம் தேய்ந்து 'ஏ' ஆனது. அந்த னகரம் ஒரு ஆடையின் பெயரையே மாற்றியிருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்த 'நேப்ரன்' என்ற சொல்லை 'ஏ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, காதில் அது 'ஆன் ஏப்ரன்' என்று விழுந்து, கடைசியில் 'ஏப்ரன்' என்றே நின்றுவிட்டது. அதே வேரிலிருந்து வந்த நாப்கின் மட்டும் னகரத்தை விடாமல் வைத்திருக்கிறது. துணியோடு வேலை செய்கிற உங்களுக்கு இது பிடிக்கும் என்று சொன்னேன்.

இடப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு, பெரும்பாலான நாடுகளுக்கு ஒன்றும் வேண்டாம்: திருப்பூர், ஜெர்மனி. ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் 'தி': தி நொய்யல், தி வெஸ்டர்ன் காட்ஸ். தனிச் சிகரத்துக்கு வேண்டாம்: ஆனைமுடி. பன்மையாக இருக்கிற நாட்டுப் பெயருக்கும், கிங்டம், ஸ்டேட்ஸ், எமிரேட்ஸ் மாதிரி சொல் சேர்ந்த பெயருக்கும் 'தி': தி நெதர்லாண்ட்ஸ், தி யு.கே., தி யு.எஸ்., தி யு.ஏ.இ. உங்கள் பையர் நாட்டுக்கு 'தி' உண்டு, அவர் ஊர் ஆம்ஸ்டர்டாமாக இருந்தால் அதற்குக் கிடையாது. சில இடங்களில் பிரிட்டிஷ்காரரும் அமெரிக்கரும் வேறுபடுவார்கள். ஒருவர் 'இன் ஹாஸ்பிடல்' என்பார், மற்றவர் 'இன் தி ஹாஸ்பிடல்' என்பார். அங்கெல்லாம் எது வந்தாலும் கவலைப்படாதீர்கள்.

இப்போது நீங்கள் இணைத்திருந்த மெயில். அதில் இருக்கிற ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 'வீ செக்டு கார்ட்டன். தி பீசஸ் ஹேவ் ஆயில் ஸ்டெயின்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வாக்கியத்தில் கார்ட்டன் அந்தரத்தில் நிற்கிறது, அது சின்ன விஷயம். இரண்டாவது வாக்கியம் ஆபத்தானது. 'தி பீசஸ்' என்றால் அந்தக் கார்ட்டனில் இருக்கிற அத்தனை பீஸும் என்று அர்த்தம். கீழே நீங்களே எழுதியிருக்கிற கணக்குப்படி கறை இருப்பது 60-ல் 6 பீஸ். பையர் மேல் வரியை மட்டும் படித்துவிட்டு மொத்தக் கார்ட்டனையும் நிராகரித்தால் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, நீங்கள்தான் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்.

இது மிகையான பயம் என்று நினைக்க வேண்டாம். 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 242-வது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அந்த வருஷம் ஜூனில் நடந்த போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேற வேண்டும் என்பது அதில் ஒரு வாசகம். இங்கிலீஷ் பிரதியில் 'டெரிட்டரீஸ் ஆக்குபைடு' என்று இருக்கிறது, முன்னால் 'தி' இல்லை. பிரெஞ்சுப் பிரதியில் அந்த இடத்தில் 'தே தெரித்துவார்' என்று ஆர்டிகிளோடு வருகிறது. பிடித்த எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து வெளியேறினால் போதுமா? ஒரு தரப்பு 'தி' இல்லை பாருங்கள் என்றது. மறு தரப்பு பிரெஞ்சையும், போரால் நிலத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று அதே தீர்மானத்தின் முன்னுரையில் இருப்பதையும் காட்டியது. அந்த வாதம் இன்று வரை ஓயவில்லை. பன்மைக்கு முன்னால் 'தி' எழுதும்போதும் விடும்போதும் ஒரு நொடி நிற்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

கம்ப்யூட்டரில் இருக்கிற திருத்தும் மென்பொருளை நம்பலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள். 'கார்ட்டன்' தனியாக நிற்பதை அது கண்டுபிடித்துவிடும், அதற்குப் பயன்படுத்துங்கள். எந்த சாம்பிள் என்று உங்கள் பையருக்குத் தெரியுமா என்பது அதற்குத் தெரியாது. 'தி பீசஸ்' கீழே அது சிவப்புக் கோடு போடாது. ஒரு வாரத்துக்கு, அனுப்பும் முன் ஒவ்வொரு மெயிலிலும் பெயர்ச்சொற்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு "இது எது என்று அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் ஒரு மெயிலுக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும், மேனேஜர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. அப்புறம் கை தானாகப் பழகிவிடும்.

உங்கள் மெயிலை நான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்: 'வீ ஓப்பன்டு ஏ கார்ட்டன் ஃப்ரம் தி செகண்ட் லாட். சிக்ஸ் ஆஃப் தி சிக்ஸ்டி பீசஸ் இன் தி கார்ட்டன் ஹேவ் ஆயில் ஸ்டெயின்ஸ். வீ ஆர் ரீப்ளேசிங் தி சிக்ஸ் பீசஸ் அண்ட் வில் செக் தி அதர் கார்ட்டன்ஸ் டுடே.' முதல் வரியில் 'ஏ கார்ட்டன்', ஏனென்றால் எதை எடுத்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த வரியில் அதுவே 'தி கார்ட்டன்'. முதலில் வெறும் 'சிக்ஸ்', கறை இருப்பது எந்த ஆறு என்று தெரிந்த பிறகு 'தி சிக்ஸ்'. கடைசியில் 'தி அதர் கார்ட்டன்ஸ்' என்று எழுதினால் அந்த லாட்டில் மிச்சமிருக்கிற எல்லாக் கார்ட்டனையும் இன்றே பார்த்துவிடுவோம் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். அவ்வளவும் இன்றைக்குள் முடியாது என்றால் 'தி'-யை எடுத்துவிட்டு, எத்தனை கார்ட்டன் முடியுமோ அந்த எண்ணைப் போடுங்கள்.